ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்து வருகிறீர்களா? ஹெல்த் இன்சூரன்ஸில் நான் சறுக்கிய இடங்கள்

ம்யூனிக்கிலிருந்து ஐன்ட்ஹோவனுக்கு வேலை மாறி வந்த தம்பி ஒருவரிடம் இன்சூரன்ஸ் எடுத்தாச்சா என்று கேட்டேன். "நாலு மாசம் டைம் இருக்குண்ணா, லெட்டர் வரட்டும்" என்றார். சில வருஷங்களுக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்தபோது நான் சொன்ன அதே பதில். படிவத்தில் பெயரைத் தப்பாக எழுதுவது மாதிரியானவை ஒரு போனில் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

லெட்டருக்காகக் காத்திருப்பது

இங்கே வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அடிப்படைக் காப்பீடு கட்டாயம். எடுப்பதற்கு நாலு மாதம் அவகாசம். அவ்வளவு நாள் பிரீமியம் மிச்சம் என்று மனசு கணக்குப் போடும். ஒரு யூரோகூட மிச்சமாகாது. மூன்றாம் மாதம் எடுத்தாலும் முதல் நாளிலிருந்து பிரீமியம் பிடிப்பார்கள். காப்பீடும் முதல் நாளிலிருந்தே செல்லும். நாலு மாதம் தாண்டிவிட்டால், எடுத்த நாளிலிருந்துதான் செல்லும். இடையில் வந்த பில்லெல்லாம் நம் தலையில்.

அந்த லெட்டர் வேறு கதை. காப்பீடு இல்லாதவர்களைக் கண்டுபிடித்து சி.ஏ.கே. என்ற அரசு அமைப்பு அனுப்புவது. அது வந்த பிறகும் மூன்று மாதம் தருவார்கள், அப்புறம்தான் அபராதம். ஆனால் அந்த மூன்று மாதம் அபராதத்துக்கு மட்டும். நாலு மாதக் கெடு லெட்டருக்காக நிற்காது.

எனக்கு லெட்டரே வரவில்லை, நிம்மதியாக இருந்தேன். ஐந்தாம் மாதம், ஈர இலையில் சைக்கிள் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி கவுண்டரில் பழைய ஜெர்மன் இன்சூரன்ஸ் கார்டை நீட்டினேன். அதன் பின்பக்கம்தான் மற்ற ஐரோப்பிய நாடுகளில் சிகிச்சைக்குக் காட்டும் ஐரோப்பியக் காப்பீட்டு அட்டை. அந்தப் பெண் எண்களைக் குறித்துக்கொண்டு சிரித்தபடி திருப்பித் தந்தாள். எக்ஸ்ரே, ஆபரேஷன், கையில் ஒரு தகடு. சில வாரம் கழித்து மொத்த பில்லும் வீட்டுக்கு வந்தது. நெதர்லாந்தில் வேலை தொடங்கிய அன்றே என் ஜெர்மன் காப்பீடு முடிந்துவிட்டதாம். எட்டுத் தவணையில் கட்டினேன். மழை நாளில் கை வலித்தால் இன்றும் அந்தக் கார்டுதான் ஞாபகம் வருகிறது.

தம்பியை அன்றே எடுக்க வைத்தேன். மறுவாரம் போன்: "என்னண்ணா, ரெண்டு மாசத்துக்கும் சேர்த்துப் பிடிச்சுட்டாங்க?"

ஐரோப்பிய அட்டையை நம்புவது

அது டூர் போகிறவருக்கு. வேலைக்குக் குடிவந்தவருக்கு இல்லை.

சொந்தப் பங்கை ஏற்றிவிடுவது

வருஷத்துக்கு முதல் 385 யூரோ வரையிலான சிகிச்சைச் செலவு நம்முடையது. அதை 885 வரை ஏற்றிக்கொண்டால் பிரீமியம் குறையும். புதிதாக வருபவர்கள் சிலர் இதில் விழுகிறார்கள். குடும்ப டாக்டரைப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் அவர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனை சேரும்! 885 யூரோ சும்மா கையில் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள்.

பிள்ளைகள்

18 வயது வரை பிரீமியம் கிடையாது. அதற்காகப் பெயர் தானாகச் சேராது. நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

குடும்ப டாக்டரைத் தள்ளிப்போடுவது

காய்ச்சல் வந்தபின் தேடினால் "புது நோயாளிகளை எடுப்பதில்லை" என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கும். அவர் சீட்டு இல்லாமல் ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியாது. வந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

பல்

பெரியவர்களின் வழக்கமான பல் வைத்தியம் அடிப்படைக் காப்பீட்டில் இல்லை. ஜெர்மனியிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.