ரெண்டர் படத்தில் நம் ஊர் வெயில்
வீட்டின் உட்புறத்தைக் கணினியில் நிஜப் படம்போல் உருவாக்குபவர்கள், அதாவது ரெண்டர் செய்பவர்கள், முதலில் மென்பொருளில் சூரியனின் இடத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். பூமத்திய ரேகைக்கு 1.3 டிகிரி வடக்கே இருக்கிறோம். உச்சி வெயில் இங்கே பிற்பகல் 1 மணி வாக்கில்தான், அதுவும் கிட்டத்தட்ட தலைக்கு மேலே. கூடத்துக்குள் அவ்வளவாக எட்டாது. நேரத்தை மாலை 5.30க்கு வைத்துப் பாருங்கள். மேற்குப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடென்றால் ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் நீண்டு சோபா கால்வரை வரும். எனக்கு மிகவும் பிடித்த வெளிச்சம் அது.

விளக்குகளுக்கு 3000 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம் போதும், வானத்தின் நீலம் தனியாகத் தெரியட்டும்.

படத்தை ஜேபெக்கில் அல்ல, மிகப் பிரகாசமான இடங்களின் விவரத்தையும் வைத்திருக்கும் 32 பிட் இஎக்ஸ்ஆர் (EXR) கோப்பாகச் சேமியுங்கள். வெளுத்துப்போன ஜன்னலில் எக்ஸ்போஷரை (படத்தின் ஒளி அளவை) குறைத்தாலே எதிர் புளோக்கின் தாழ்வாரம் திரும்பக் கிடைக்கும். புளூம், அதாவது பிரகாசமான இடத்தைச் சுற்றிப் படரும் ஒளி, விளக்கின் விளிம்பைத் தாண்டிப் பரவினால் உடனே குறைத்துவிடுங்கள்.