ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? சென்சாரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

ஓங்கி பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏபிஎஸ்; ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அதற்குச் சொல்வது சென்சார். விளக்கு எரிந்து, கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் 'முன் இடது வீல் ஸ்பீடு சென்சார்' என்று காட்டியதும் "சென்சார் போயிருச்சுங்க, மாத்திடலாம்" என்ற பதில் உடனே வந்துவிடும். புதுசு மாட்டிய ஒரு வாரத்தில் அதே விளக்கு மறுபடி எரியும். ஏனென்றால், ஸ்கேனர் சொல்வது அந்தச் சக்கரத்திலிருந்து சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்பதை மட்டும்தான். ஒயர் அறுந்ததா, சென்சாருக்கு எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல்வளையம் உடைந்ததா, பேரிங் ஆடுகிறதா என்பதை நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

முதலில் பாதுகாப்பு. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், மழையும் பனியுமாக இருக்கும் மலை ரோட்டில் அது சின்ன விஷயமில்லை. கியரைக் குறைத்து மெதுவாக இறங்குங்கள். கூடவே சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் கதையே வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், முன் பின் பிரேக் விசையைச் சமன் செய்யும் இபிடியும் நின்றிருக்கலாம். ஓரம் கட்டி ஆயிலைப் பாருங்கள், குறைவாக இருந்தாலோ பெடல் உள்ளே போனாலோ அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டாம்.

அப்புறம், விளக்கு எப்போது எரிகிறது என்று கவனியுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சாவி போட்டதும் எரிந்து அணையாமலே நின்றால் பெரும்பாலும் ஒயர், கனெக்டர், அல்லது நிஜமாகவே சென்சார். காய்ந்த ரோட்டில், வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதைத்தால் பல்வளையத்தில் விரிசலோ துருவோ இருக்கும். ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் விட்டுவிட்டு வருவதால், அது பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் ஏமாந்துபோகிறது.

நம் பக்கம் அதிகம் பார்க்க வேண்டியது மூன்றாவது வகை, வளைவில் மட்டும் எரிவது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கை ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் முன் சக்கரத்து சென்சார் ஒயர் மடங்கி நிமிர்கிறது, வருஷக்கணக்கில் இது நடந்தால் மேலுறை புதுசு போலவே இருக்க, உள்ளே செம்புக் கம்பி அறுந்திருக்கும். நேர் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், வளைவில் விட்டுவிடும். இன்னொரு காரணம் பேரிங். தேய்ந்த பேரிங்கில் வளைவின்போது சக்கரம் லேசாகச் சாய, சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிவிடும், ஓட்டும்போது ஹூம் என்ற இரைச்சலும் கேட்கும்.

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகி எரர் படிக்கும் மலிவான ப்ளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் எரரை மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனராகப் பாருங்கள். பொது எரர் எண்களில் சி0035 முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. சில கம்பெனிகள் சொந்த எண் வைத்திருக்கும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில், அதாவது ஓடும்போதே வரும் அளவுகளில், நான்கு சக்கர வேகத்தையும் எடுத்து, காலியான நேர் ரோட்டில் ஒருவர் ஓட்ட ஒருவர் பாருங்கள். நான்கும் ஒன்றாக ஏற வேண்டும், ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் ஆள் அகப்பட்டான். வளைவில் வெளிச் சக்கரம் வேகமாகச் சுற்றுவது இயல்பு, அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

சமதளத்தில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே கை வையுங்கள். ஒயரை கிளிப் இருக்கும் இடங்களில் விரலால் மடக்கிப் பாருங்கள், கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். சென்சார் முனையில் பிரேக் தேய்மானத்தின் இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தால் துடைத்தாலே சரியாகிவிடலாம்.

மல்டிமீட்டரை எடுக்கும் முன் சென்சார் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். சக்கரம் சுற்றும்போது தானே மின்சாரம் உண்டாக்கும் பழைய காயில் வகை என்றால் கனெக்டரைக் கழற்றி ஓம்ஸ் பார்க்கலாம். பெரும்பாலும் 1000 முதல் 2500 வரை காட்டும், எதிர்ப்பக்கத்து சென்சாரோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அளவு ஏறும். இப்போதைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கி இயங்கும் ஆக்டிவ் வகை, அதில் ஓம்ஸ் பார்த்துப் பயனில்லை, சென்சாரே கெடவும் கூடும். சாவி போட்டு வண்டிப் பக்கத்து கனெக்டரில் மின்சாரம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள், பல வண்டிகளில் 12 வோல்ட்டுக்கு அருகில் இருக்கும். அதுவே வரவில்லை என்றால் புது சென்சார் வாங்கி என்ன செய்ய?

பேரிங் மாற்றியதிலிருந்து விளக்கு எரிகிறதா? பல நவீன பேரிங்குகளில் பல்வளையத்துக்குப் பதில் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும், அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பி அழுத்திவிட்டால் சிக்னலே வராது.

சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதியானால், துருப்பிடித்து இறுகியதைச் சுத்தியலால் தட்டாதீர்கள், துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு மெல்லத் திருகி எடுங்கள். அது உட்காரும் குழியைத் துருவில்லாமல் தேய்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள், இல்லையென்றால் இடைவெளி கூடிவிடும். எரரை அழித்த பிறகும் சில வண்டிகளில் கொஞ்சம் ஓட்டினால்தான் விளக்கு அணையும். காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து ஒரு எட்டு போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.