3018-இல் அலுமினியம் வெட்டப் போகிறீர்களா? முதலில் ஸ்பின்டிலை வாங்காதீர்கள்

சின்ன சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்லும் பாதையில் பிட்டைச் சுழற்றி வெட்டும் மெஷின்) வாங்குகிற யாரும் மரத்தோடு நிறுத்துவதில்லை. முதல் வாரம் வீட்டுப் பெயர்ப் பலகை, இரண்டாம் வாரம் அக்ரிலிக், மூன்றாம் வாரம் "இது அலுமினியம் வெட்டுமா?" என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். வெட்டும். 300-க்கு 180 மி.மீ மேசை, 10 மி.மீ கம்பிகள், அச்சுகளை நகர்த்தும் நீமா 17 மோட்டார்கள், நடுவில் பிட்டைச் சுழற்றும் ஒரு 775 மோட்டார் என்று வரும் அந்த மலிவு 3018-கூட வெட்டும். ஆனால் அதற்காக நாம் பணத்தை எங்கே கொட்டுகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறோம். நானும் சறுக்கினேன்.

எனக்குத் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுவதுதான்: உலோகம் கெட்டி, அதனால் மோட்டாருக்கு வலு வேண்டும். 775-ஐக் கழற்றிவிட்டு, பிட்டைச் சுழற்றவென்றே வரும் பெரிய மோட்டாரான 500 வாட் ஸ்பின்டில் மாட்டினேன். கிளாம்போடு சேர்த்தால் பழையதைப் போலப் பல மடங்கு எடை. விளைவு என்ன என்றால், முன்பு கீச்சென்று கத்தியது இப்போது ஊளையிட்டது, வெட்டிய விளிம்பில் அலை அலையாகக் கோடு, அதோடு மின்சாரத்தை நிறுத்தினால் பிட்டை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு தானாகவே கீழே நழுவி பிட் நுனி மேசையில் போய்க் குத்தியது.

பிறகுதான் பேப்பரில் கணக்குப் போட்டேன். 3.175 மி.மீ பிட், 0.2 மி.மீ ஆழம், நிமிடத்துக்கு 300 மி.மீ நகரும் வேகம் (ஃபீட்). பெருக்கினால் நிமிடத்துக்கு 190 கன மி.மீ அலுமினியம்தான் வெளியே வருகிறது. அவ்வளவு அலுமினியத்தைச் சீவ ஒரு சில வாட் போதும். ஆமாம், ஒற்றை இலக்க வாட். 775-ஏ அதைவிட அதிகமாகத் தரும். ஆக, இந்த அளவு வேலையில் தடையாக இருந்தது மோட்டாரின் வலு கிடையாது, பிட்டைப் பிடித்திருக்கும் எலும்புக்கூடு. அது வளைகிறது, முறுக்குகிறது, அதிர்கிறது. வளைகிற கையில் எவ்வளவு நல்ல அரிவாளைக் கொடுத்தாலும் வெட்டு நேராக விழாது.

எதையாவது வாங்குவதற்கு முன், நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் ஒன்று வாங்குங்கள். கூடவே, ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு ஒன்று. பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டில் ஒரு கம்பியை மாட்டி, தராசின் கொக்கியை அதில் போட்டு 2 கிலோ காட்டும் வரை பக்கவாட்டில் இழுத்தால், கேஜ் முள் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்கலாம். (மேசை அலுமினியம் என்பதால் கேஜின் காந்த ஸ்டாண்ட் ஒட்டாது. ஒரு இரும்புத் தகட்டை மேசையில் கிளாம்ப் செய்து அதன் மேல் வைத்தேன்.) என் மெஷினில் பிட் நுனியில் 0.34 மி.மீ வந்தது. முள்ளை ஸ்பின்டில் பிடிக்கும் தட்டில் வைத்து அதே 2 கிலோ இழுத்தால் 0.22. வண்டி இடவலமாக ஓடும் எக்ஸ் கம்பியின் நடுவில் வைத்தால் 0.08. நான் கம்பியைத்தான் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தேன், ஆனால் அதிகம் ஆடியது கம்பிக்கும் நுனிக்கும் நடுவில் இருந்த இசட் வண்டி. புது ஸ்பின்டிலைச் சரியாக அந்த நோஞ்சான் இடத்தில்தான் தொங்கவிட்டிருக்கிறேன்.

இந்தச் சோதனை காட்டும் இன்னொரு விஷயம், காசே செலவழிக்காமல் கிடைக்கும் உறுதி. இசட் எவ்வளவு கீழே இறங்கி நிற்கிறதோ அவ்வளவு ஆடும். வெட்டும் தகட்டுக்கு அடியில் தடிமனான அலுமினியக் கட்டை ஒன்றைக் கொடுத்து உயர்த்தினால் இசட் மேலேயே நின்று வேலை செய்யும். பிட்டும் அப்படித்தான். காலெட்டுக்கு வெளியே 20 மி.மீ நீட்டிக்கொண்டு நிற்கும் பிட்டை 12 மி.மீ-க்கு உள்ளே தள்ளினால் அது வளைவது நாலரை மடங்கு குறையும், ஏனென்றால் நீளத்தின் முப்படிக்கு (நீளம் × நீளம் × நீளம்) தக்கபடிதான் வளைவு கூடும். கம்பி மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் 10-க்குப் பதில் 12 மி.மீ போட்டால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் உறுதி கிடைக்கும். அதைவிட, நீளம் முழுக்க அடியில் தாங்கல் உள்ள லீனியர் ரெயிலுக்கே போய்விடுவது நல்லது, ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ரெயில் தான் உட்காரும் பரப்பு எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே தானும் வளையும். இரண்டு ரெயிலையும் ஒரேயடியாக முறுக்கிவிட்டால் வண்டி ஒரு முனையில் வழுக்கும், மறுமுனையில் இறுகும். ஒன்றை முழுசாக இறுக்குங்கள், இரண்டாவதன் திருகுகளைத் தளர்வாக விட்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, அது போய் நிற்கும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

அடுத்தது, "உலோகம் தானே, மெதுவாகப் போகலாம்" என்கிற நினைப்பு. பார்க்க நியாயமாகத்தான் தெரியும், ஆனால் அதிகப் பிட்டுகளைக் கொன்றது இதுதான் என்பேன். பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தடிமனான சீவலை எடுக்கிறது என்பதுதான் கணக்கு. நிமிடத்துக்கு 10,000 சுற்று (ஆர்பிஎம்), ஒற்றை ஃப்ளூட் (ஒரே பல்), 300 மி.மீ ஃபீட் என்றால் ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ, அது சீவல். பயந்துபோய் ஃபீடை 100 ஆக்கினால் 0.01. எவ்வளவு கூரான பிட்டின் விளிம்பும் நுண்ணிய அளவில் உருண்டைதான், அதனால் அந்த அளவுக்குக் கீழே போகப் போக அது வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் பிசுபிசுத்துப் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், அப்பியதும் பிட் வெறும் உருண்டைக் கம்பியாகிவிடும், அடுத்த நொடி 'டக்'. ஃபீடைக் குறைக்காதீர்கள், ஆழத்தைக் குறையுங்கள். 0.15, 0.2 மி.மீ-க்கு மேல் ஒரு தடவைக்குப் போகாதீர்கள், ஆனால் ஃபீட் 300-க்குப் பக்கத்தில் இருக்கட்டும். விழுவதைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் தேய்கிறது, சின்னச் சின்ன மினுங்கும் செதிலாக இருந்தால் வெட்டுகிறது.

நாலு ஃப்ளூட் பிட் வாங்கினால் வேகமாக வெட்டும் என்று நினைப்பதும் இதே குழப்பம்தான். அதே 300 ஃபீடை நாலு பல் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 0.0075 மி.மீ. ஒவ்வொரு பல்லுக்கும் 0.03 கொடுக்க நிமிடத்துக்கு 1200 மி.மீ ஓட்ட வேண்டும், 3018-இல் அது நடக்கிற காரியமா? தவிர, நாலு பல்லுக்கு நடுவே சீவல் வெளியேற இடமும் இருக்காது. ஒற்றை ஃப்ளூட் கார்பைடு, பூச்சு எதுவும் இல்லாதது, அல்லது டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூச்சு. கரும் ஊதா நிறத்தில் கவர்ச்சியாக இருக்கும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு எஃகுக்கானது. அந்தப் பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் நம் உலோகம் அதில் பாசத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

காலெட்டை மறந்துவிட்டேனே. ஈஆர்11 காலெட்டை முதலில் நட்டுக்குள் 'க்ளிக்' என்று உட்காரவைத்து, அப்புறம்தான் ஸ்பின்டிலில் மாட்ட வேண்டும். நேரே ஸ்பின்டிலுக்குள் போட்டு மேலே நட்டை முறுக்கினால் பிட் கோணலாகச் சுற்றும். ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ எடுக்கும் இடத்தில் 0.02 மி.மீ கோணல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரே ஒரு சீவல் துணுக்கு மாட்டியிருந்தாலும் இதே கதிதான்.

சரி, எந்த உலோகம்? பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் அள்ளிவந்த தகட்டில் கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பாத்திரத்துக்கும் மறைப்புத் தகடுக்கும் போகும் மென்மையான அலுமினியம் சூயிங் கம் மாதிரி இழுபடும். அது ஒட்டுகிறது என்று ஃபீடை மாற்றி, பிட்டை மாற்றி, கடைசியில் மெஷினையே திட்டிக்கொண்டிருப்பார்கள். கேட்டு, 6061 டி6 அல்லது 6082 என்ற அலுமினியக் கலவை ரகமாக வாங்குங்கள், கெட்டியான இவைதான் சுத்தமாகச் சீவும். பித்தளை இன்னும் சமர்த்து, எண்ணெய்கூடக் கேட்காது. எஃகு வேண்டவே வேண்டாம், 3018-இல் எஃகு வெட்டுகிற வீடியோவைப் பார்த்தாலும் வேண்டாம்.

அலுமினியத்துக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் குளிப்பாட்ட வேண்டியதில்லை. சிரிஞ்சில் மண்ணெண்ணெயோ கட்டிங் ஆயிலோ எடுத்து அவ்வப்போது ஒரு சொட்டு போதும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஸ்பிரே செய்யச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள், சுத்தமாகத்தான் வெட்டும், ஆனால் 775-க்குள் கார்பன் பிரஷ் இருக்கிறது. இருட்டில் மோட்டாரின் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள், நீலப் பொறி பறப்பது தெரியும். ஆல்கஹால் ஆவியையும் அந்தப் பொறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம், மேசைமேல் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போட்டிருந்தால் ஈரம் பட்டதும் அது உப்பிவிடும். மட்டம் பார்த்து வைத்ததெல்லாம் போச்சு.

சீவல் எங்கே போகிறது என்று கவனியுங்கள். 3018-இன் கண்ட்ரோல் போர்டு பின்பக்கம் பெரும்பாலும் மூடியில்லாமல் நிற்கும். மரத்தூள் அதன்மேல் விழுந்தால் துடைத்துவிடலாம், அலுமினியச் செதில் விழுந்தால் அது மின்சாரம் கடத்தும் கம்பிதான், சிப்பின் இரண்டு காலுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் போர்டு காலி. நான் ஒரு டிபன் டப்பாவை வெட்டி மூடினேன். காற்றுப் போக ஓட்டை வேண்டும், அது கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

இனி, அச்சுகளை நகர்த்தும் மோட்டாரை மாற்றுகிறவர்களுக்கு. இன்னும் பெரிய நீமா 23 வாங்கி பழைய போர்டிலேயே மாட்டுவார்கள். போர்டில் மோட்டாருக்கு மின்னோட்டம் கொடுக்கும் ஏ4988 டிரைவர் ஹீட்சிங்க் இல்லாமல் சுமார் ஓர் ஆம்பியருக்கு மேல் தாங்காது, புது மோட்டார் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். மோட்டார் முன்பைவிடச் சோம்பேறியாகத்தான் ஓடும். டிஎம்542 மாதிரி தனி டிரைவரும் அதற்கேற்ற 36 வோல்ட் பவர் சப்ளையும் சேர்த்துத்தான் அந்தச் செலவை எண்ண வேண்டும். மின்சாரம் ஓடும்போது மோட்டார் ஒயரைப் பிடுங்காதீர்கள், டிரைவர் அங்கேயே செத்துப்போகும்.

நட்டுக்குள் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ போட்டால் கண்ட்ரோலருக்கும் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ நகரும் பழைய டி8 திருகுக்கு 16 மைக்ரோஸ்டெப்பில் (மோட்டாரின் ஒரு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரித்தால்) மி.மீ-க்கு 400 ஸ்டெப், 4 மி.மீ நகரும் 1204 பால் ஸ்க்ரூவுக்கு 800. கண்ட்ரோல் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $100, $101, $102 மதிப்புகளை மாற்றாமல் ஓட்டினால் 50 மி.மீ சதுரம் 25 ஆக வரும். பால் ஸ்க்ரூவில் உராய்வு ரொம்பக் குறைவு என்பதால் மின்சாரம் போனதும் ஸ்பின்டில் தன் எடையிலேயே இறங்கிவிடும், இசட்டுக்குப் போடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். பழைய திருகையே வைத்திருப்பவர்கள் திருகுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தைப் போக்க ஸ்பிரிங் நட் போடுவார்கள். மரத்துக்குச் சரி. உலோகத்தில் பிட் இழுக்கிற இழுப்பு ஸ்பிரிங்கை மீறினால் அந்த ஆட்டம் திரும்ப வந்துவிடும், ஜிஆர்பிஎல் அதைத் தானாகச் சரிசெய்யவும் செய்யாது. ஆட்டம் உள்ள மெஷினில் கிளைம்ப் மில்லிங் (பல் வெட்டும் திசையிலேயே உலோகம் நகரும் முறை) செய்தால் பிட் தானே முன்னால் பாய்ந்து கடித்து உடையும். அதற்கு எதிர்த்திசையான கன்வென்ஷனலில் வெட்டிவிட்டு, கடைசியாக ஒரு மெல்லிய சுற்றை மட்டும் கிளைம்பில் விடுங்கள்.

விஎஃப்டி (மின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றும் பெட்டி) ஸ்பின்டில் வரை போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. 24,000 ஆர்பிஎம் ஸ்பின்டில் 400 ஹெர்ட்ஸுக்கானது, விஎஃப்டி பெட்டியில் அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று இருந்து அதை மாற்றாமல் ஓட்டினால் குறைந்த வேகத்திலேயே முழு வோல்ட்டேஜும் பாய்ந்து ஸ்பின்டிலின் கம்பிச் சுருள் கருகிவிடும். ஒயரை இணைக்கும் முன் மேனுவலைப் படியுங்கள். எர்த் சரியாக இல்லாவிட்டால் விஎஃப்டியின் மின் இரைச்சல் யுஎஸ்பி ஒயருக்குள் புகுந்து வெட்டு பாதியில் நிற்கும், இதில் எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கையுறை போட்டுக்கொண்டு சுற்றும் பிட் பக்கம் போகாதீர்கள், கண்ணாடி போடுங்கள். டபுள் டேப்பை நம்பி அலுமினியத்தை விடாதீர்கள், எண்ணெய் பட்டால் அது வழுக்கும். கடைசியாக, பட்டியல் போட்டுக் கூட்டிப் பாருங்கள்: ரெயில், பால் ஸ்க்ரூ, மோட்டார், டிரைவர், பவர் சப்ளை, ஸ்பின்டில். இத்தனையும் மாற்றினால் பழைய 3018-இலிருந்து மிச்சம் யுஎஸ்பி ஒயரும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனும்தான், அந்தக் காசுக்கு இரும்புச் சட்டத்தோடு வேறு மெஷினே வந்திருக்கும். நான் இசட் வண்டிக்கு ஒரு தடிமனான தட்டும் நல்ல பிட்டுகளும் போட்டதோடு நின்றுகொண்டேன். 500 வாட் ஸ்பின்டில் அலமாரியில் தூங்குகிறது, பழைய 775 திரும்ப மெஷினுக்கு வந்துவிட்டது. 3 மி.மீ தகட்டில் ஒரு சின்ன பிராக்கெட் வெட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. தெருமுனை லேத் பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார், சிரிக்கட்டும்.