வீட்டிலேயே ஆரஞ்சு வாத்து: முதல்முறை செய்பவர்களுக்கு

வாத்துக்கறி என்றதும் "அது நமக்கு வராது" என்று ஒதுங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'கனார் அ லொராஞ்ஜ்' பிரான்சின் விருந்துச் சமையல். முழு வாத்தை ஓவனில் சுடுவதுதான் பழைய முறை. நீங்கள் நெஞ்சுக்கறியில் தொடங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மேசைக்கு வந்துவிடும்.

மூன்று பேருக்குத் தேவையானவை: தோலோடு வாத்து நெஞ்சுக்கறி 2 துண்டுகள் (ஒவ்வொன்றும் சுமார் 300 கிராம்), ஆரஞ்சு 3, எலுமிச்சை அரை மூடி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி, வினிகர் 3 மேசைக்கரண்டி, கோழி எலும்பு கொதிக்கவைத்து வடித்த சாறு 1 கப், வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள்.

முதலில் கறியை ஈரம் போகத் துடையுங்கள். கூரான கத்தியால் தோலில் குறுக்கும் நெடுக்குமாக அரை அங்குல இடைவெளியில் கீறுங்கள். கொழுப்பு வரைதான் கத்தி இறங்க வேண்டும், கறியில் படக்கூடாது. இருபுறமும் உப்பும் மிளகும் தடவுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். வாணலியைச் சூடாக்காதீர்கள்! அடி கனமான, தட்டையான வாணலியில் எண்ணெய் விடாமல், தோல் கீழே இருக்கும்படி கறியை வைத்து, அதன்பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். தீ சிறியதுக்கும் மிதமானதுக்கும் நடுவில் இருக்கட்டும். நான் முதல்முறை செய்தபோது, மீன் வறுக்கிற பழக்கத்தில் வாணலியை நன்றாகக் காயவைத்துவிட்டேன். இரண்டே நிமிடத்தில் தோல் கருகியது. உள்ளே கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக அப்படியே இருந்தது. மெதுவாகச் சூடேறினால்தான் கொழுப்பு உருகி வெளியே வரும், தோல் அந்தக் கொழுப்பிலேயே பொரியும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். தூறல் விழுவதுபோல மெல்லிய சத்தம் கேட்டால் சரியான பதம். படபடவென்று தெறித்தால் தீயைக் குறையுங்கள். சேரும் கொழுப்பை அவ்வப்போது கிண்ணத்தில் வடியுங்கள், கொட்டிவிடாதீர்கள். 12 முதல் 15 நிமிடத்தில் தோல் பொன்னிறமாகி மொறுமொறுக்கும். திருப்பிப்போட்டு 4 நிமிடம் வேகவையுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக, சுமார் 57 டிகிரி செல்சியஸில் எடுத்துவிடுவார்கள். ஆனால் உணவுப் பாதுகாப்பு விதி பறவைக் கறிக்கு 74 டிகிரி என்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் 74 வரை விடுங்கள். வெந்த கறியைத் தட்டில் எடுத்துவைத்துப் பத்து நிமிடம் தொடாதீர்கள். உடனே நறுக்கினால் சாறெல்லாம் பலகையில்தான் இருக்கும்.

இனி சாஸ். ஒரு ஆரஞ்சின் மேல்தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, நூல்போல் நறுக்கி, இரண்டு நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள், கசப்பு குறையும். மூன்று பழங்களையும் பிழியுங்கள். வேறு பாத்திரத்தில் சர்க்கரையோடு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி, பால் ஊற்றாத தேநீர் நிறம் வந்ததும் சற்று எட்ட நின்று வினிகரை ஊற்றுங்கள். சீறும், ஆவி கண்ணைக் கரிக்கும், சர்க்கரை கல்லாக இறுகும். பயந்துபோய்ப் பாத்திரத்தைக் கழுவப் போட்டுவிடாதீர்கள், ஓரிரு நிமிடத்தில் கரைந்துவிடும். பழச்சாறும் எலும்புச் சாறும் ஊற்றி, மூன்றில் ஒரு பங்காக வற்றும்வரை கொதிக்கட்டும். கரண்டியின் முதுகில் பூசினாற்போல ஒட்டினால் பதம்.

பழைய செய்முறையில் கசப்பு ஆரஞ்சுதான் உண்டு. இனிப்புப் பழத்தில் அந்தப் புளிப்பு கிடைக்காது என்பதால் கடைசியில் எலுமிச்சை பிழிகிறோம். ஆரஞ்சு என்ற சொல்லுக்கே வேர் நம் நாரத்தை என்று சொல்லாராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். வடமொழி, பாரசீகம், அரபு என்று வாய் மாறி வாய் மாறிப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்த சொல் அது. எனக்கு இதைச் செய்யும்போதெல்லாம் நாரத்தங்காய் ஊறுகாய் ஞாபகம் வரும்.

அடுப்பை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வெண்ணெயைப் போட்டுக் கலக்குங்கள், சாஸ் பளபளக்கும். சீவிய தோலையும் சேர்த்து உப்பு பாருங்கள். வடித்துவைத்த கொழுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கை வறுத்தால் அதுவே துணைக்கறி.

கறியைச் சாய்வாக நறுக்கி அடுக்குங்கள். சாஸைத் தட்டில் முதலில் ஊற்றி அதன்மேல் கறியை வையுங்கள். தோலின்மேல் ஊற்றினால் இவ்வளவு நேரம் காத்திருந்து வாங்கிய மொறுமொறுப்பு நமத்துவிடும்.