தாடை நரம்புக் குழாய் பற்றிய ஆய்வுகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் குழாயில்தான் கீழ்ப்பற்களுக்கும் கீழுதட்டுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கும்போதோ ஞானப்பல்லை எடுக்கும்போதோ அது அடிபட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு அந்த மரத்துப்போன உணர்வு கடைசிவரை மாறுவதில்லை. அதனால் குழாய் எங்கே இருக்கிறது என்று தேடும் ஆய்வுகளை அக்கறையோடு படிக்க வேண்டியிருக்கிறது.

பலரும் செய்யும் தவறு, சராசரியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது. கடைவாய்ப்பல் வேர்நுனிக்கும் குழாய்க்கும் சராசரி இடைவெளி 5 மி.மீ., திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பது) 2.5 மி.மீ. என்று ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். அளவுகள் சராசரியின் இருபுறமும் மணி வடிவில் (இயல்நிலைப் பரவலாக) பரவியிருந்தால், ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இடைவெளி 2.5 மி.மீ.க்கும் குறைவு. இம்ப்ளாண்டுக்கும் குழாய்க்கும் நடுவே குறைந்தது 2 மி.மீ. விடச் சொல்வது வழக்கம். அந்த ஆறாவது ஆளுக்குச் சராசரியால் என்ன பயன்?

அடுத்தது, குழாயைத் தானாகக் கண்டுபிடிக்கும் கணினி நிரலைச் சோதிக்கும் ஆய்வுகளில், ஒப்பிட்ட ‘உண்மை’ எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவது. சிபிசிடி (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) படத்தில் குழாயின் சுவர் எல்லா இடத்திலும் வெள்ளைக் கோடாகத் தெரியாது. முன்னோக்கி வர வர அது மங்கி, சுற்றியுள்ள மஜ்ஜை இடைவெளிகளோடு கலந்துவிடும். அங்கே ஒருவர் வைத்த புள்ளியில் இன்னொருவர் வைக்கமாட்டார். ஆனால் கணினி நிரலின் துல்லியத்தை அளப்பதே அந்தப் புள்ளிகளை வைத்துத்தான். குழாய் முழுவதற்கும் சேர்த்து நல்ல மதிப்பெண் வாங்கிய நிரல், மங்கலான ஒரு சென்டிமீட்டரில் தவறியிருக்கலாம். அப்புறம், ஒரே நோயாளியின் படத்துண்டுகள் நிரலின் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் மதிப்பெண் தானாகவே ஏறும்.

யாரை விலக்கினார்கள் என்பதையும் பாருங்கள். அசைந்த படம், உலோக நிரப்பல் கீற்றடித்த படம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கிடைத்த துல்லியம் அது. உலர்ந்த தாடை எலும்பில் செய்த ஆய்வுக்கு இந்தத் தொல்லைகளே கிடையாது. அது அசையாது, உமிழ்நீர் விழுங்காது.

ஓபிஜி (தாடை முழுவதையும் ஒரே தட்டையான படமாகக் காட்டும் எக்ஸ்ரே) படத்தில் அளந்த மில்லிமீட்டரை அப்படியே எடுக்கக் கூடாது. உருப்பெருக்கம் இடத்துக்கு இடம் மாறும். குழாய் கன்னப்பக்கமா நாக்குப்பக்கமா என்பதும் தெரியாது.

நரம்பு வெளிவரும் துளையைத் தாண்டி முன்னே போய்த் திரும்பும் வளைவுதான் இன்னும் சிக்கலானது. ஒரு ஆய்வில் அது பெரும்பாலோருக்கு இருக்கும், இன்னொன்றில் சிலருக்கே இருக்கும். எதை வளைவு என்று எண்ணினார்கள், எங்கிருந்து அளந்தார்கள் என்ற பத்தியைப் படிக்காமல் அந்த எண்ணை வைத்து இம்ப்ளாண்டுக்கு இடம் குறிக்காதீர்கள்.