கல்லூரிக் கூடைப்பந்து பாக்ஸ் ஸ்கோரைப் படிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆட்டம் முடிந்த கையோடு ஓர் அட்டவணை வெளியாகிவிடும். அதற்குப் பெயர் பாக்ஸ் ஸ்கோர். பெயர்களும் சுருக்கெழுத்துகளும் எண்களும் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், புதிதாகப் பார்ப்பவர்கள் நேராகப் புள்ளிகள் பத்திக்குப் போய், யார் அதிகம் எடுத்தார் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பத்தியைக் கடைசியில் பாருங்கள் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். எத்தனை வாய்ப்பைச் செலவழித்து அந்தப் புள்ளிகள் வந்தன என்பது மற்ற பத்திகளில்தான் இருக்கிறது.

படி 1: நிமிடங்களும் ஃபவுல்களும்

ஆண்கள் ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. பெண்கள் ஆட்டம் 10 நிமிட குவார்ட்டர்கள் நான்கு. எப்படிப் பார்த்தாலும் 40 நிமிடம். களத்தில் எப்போதும் ஐந்து பேர் என்பதால், ஓர் அணியின் நிமிடங்களைக் கூட்டினால் 200 வர வேண்டும். ஓவர்டைம் ஒன்றுக்கு 5 நிமிடம், அதாவது இன்னொரு 25. கூட்டுத்தொகை 225 என்றால், ஸ்கோரைப் பார்க்காமலே ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது தெரிந்துவிடும்.

முக்கியமான ஆட்டக்காரர் ஒருவர் 18 நிமிடம்தான் ஆடியிருக்கிறாரா? உடனே அவருடைய ஃபவுல் (விதிமீறல்) கணக்கைப் பாருங்கள். தொழில்முறை லீக்கான என்பிஏவில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியேற வேண்டும். கல்லூரியில் ஐந்தாவது விழுந்ததும் வெளியே போக வேண்டியதுதான். 4 என்று இருந்தால், ஐந்தாவதுக்குப் பயந்து பயிற்சியாளர் அவரைப் பெஞ்சில் உட்காரவைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: ஷாட் பத்திகள்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். எஃப்ஜி (ஃபீல்டு கோல், ஆட்டத்தின் போக்கில் எறியும் ஷாட்), 3பிடி (மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் ஷாட்), எஃப்டி (ஃப்ரீ த்ரோ, எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்) என்று மூன்று பத்திகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் கோடு போட்டு இரண்டு எண்கள்: முதலில் விழுந்தவை, அடுத்து முயன்றவை. 10-28 என்றால் 28 முறை எறிந்து 10 விழுந்திருக்கிறது.

எல்லோரும் ஒரு தடவையாவது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எஃப்ஜி எண்ணுக்குள் மூன்று புள்ளி ஷாட்டுகளும் அடக்கம். அவை தனிக் கணக்கு என்று நினைத்துக் கூட்டினால் புள்ளி உதைக்கும். சரியான கணக்கு இதுதான்: விழுந்த எஃப்ஜியை இரண்டால் பெருக்குங்கள், விழுந்த 3பிடி ஒவ்வொன்றுக்கும் 1 சேருங்கள், அப்புறம் விழுந்த ஃப்ரீ த்ரோக்களைச் சேருங்கள்.

1973 தேசியக் கல்லூரிச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸ் ஸ்டேட்டுக்கு எதிராக யுசிஎல்ஏவின் பில் வால்டன் 44 புள்ளிகள் எடுத்தார். எஃப்ஜி 21-22, எஃப்டி 2-5. மூன்று புள்ளிக் கோடு அப்போது கல்லூரி ஆட்டத்தில் கிடையாது. 42-ம் 2-ம் சேர்ந்து 44, கணக்கு சரி. ஆனால் 22 ஷாட்டில் ஒன்றே ஒன்றுதான் தவறியது என்பதை 44 என்ற எண் சொல்லவே சொல்லாது. அந்த வரியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்றைய ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு சின்னக் கணக்கு தேவை. மூன்று புள்ளி ஷாட் சாதாரண இரண்டு புள்ளி ஷாட்டைப்போல் ஒன்றரை மடங்கு மதிப்புள்ளது. அதனால் விழுந்த எஃப்ஜியோடு விழுந்த 3பிடியில் பாதியைச் சேர்த்து, மொத்த முயற்சியால் வகுக்க வேண்டும். 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தில் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் எடுத்தது 30 புள்ளிகள். எஃப்ஜி 10-28, 3பிடி 5-13. பத்தோடு இரண்டரை, வகுத்தல் 28. சுமார் 45 சதவீதம். முதல் குவார்ட்டரிலேயே 18 புள்ளிகள் எடுத்த அவர், மீதி மூன்று குவார்ட்டர்களில் எடுத்தது 12 மட்டுமே.

படி 3: அணியின் மொத்த வரி

1985 இறுதி ஆட்டத்தில் வில்லனோவா 66-64 என்று ஜார்ஜ்டவுனை வென்றது. ஜார்ஜ்டவுனின் எஃப்ஜி 29-53. வில்லனோவாவுக்கு 22-28. தோற்ற அணி ஏழு கூடை அதிகமாகப் போட்டிருக்கிறது! பிறகு எப்படித் தோற்றது? எஃப்டி பத்திக்கு வாருங்கள். வில்லனோவா 22-27, ஜார்ஜ்டவுன் 6-8. ஏழு கூடையில் ஜார்ஜ்டவுனுக்கு 14 புள்ளி கூடுதல், ஃப்ரீ த்ரோவில் வில்லனோவாவுக்கு 16 கூடுதல். மிச்சம் 2. அதுதான் வெற்றி வித்தியாசம். ஷாட் கிளாக் (குறிப்பிட்ட நொடிகளுக்குள் ஷாட் எறிய வைக்கும் கடிகாரம்) இல்லாத காலம் என்பதால், பொறுமையாகப் பந்தைக் கையில் வைத்திருந்து 28 ஷாட்டோடு ஆட்டத்தை முடிக்க முடிந்தது.

படி 4: வாய்ப்புகளை எண்ணுங்கள்

பந்து ஓர் அணியின் கைக்கு வந்து, அங்கிருந்து போகும்வரை ஒரு பொசெஷன். பாக்ஸ் ஸ்கோரிலிருந்தே அதைத் தோராயமாகக் கணக்கிடலாம்: எஃப்ஜி முயற்சிகளிலிருந்து ஆஃபென்சிவ் ரீபவுண்டை (தன் அணி தவறவிட்ட ஷாட்டின் பந்தைத் தானே மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்ன்ஓவரை (ஷாட் எறியாமலே பந்தை எதிரணியிடம் இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளில் 0.475 பங்கைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்துதான் ஒரு வாய்ப்பை முடிக்கும் என்பதால் பங்கு பாதிக்கு அருகில் இருக்கிறது. கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோவால் பாதிக்குச் சற்றுக் குறைகிறது.

பயிற்சிக்காக ஒரு கற்பனை அணி: 60 ஷாட், 10 ஆஃபென்சிவ் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ. 60 − 10 + 12 + 9.5 = 71.5. அந்த அணி 75 புள்ளி எடுத்திருந்தால் பொசெஷனுக்கு 1.05. பந்து மாறி மாறிப் போவதால் இரு அணிகளுக்கும் இந்த எண் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். பெரிய வித்தியாசம் வந்தால் எங்கோ எண்ணை மாற்றி எழுதிவிட்டீர்கள்.

அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்), ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தடுப்பது) மூன்றையும் பெயரை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு கூடைக்கு ஓர் அசிஸ்ட்தான் என்பதால், அணியின் அசிஸ்ட் எண்ணிக்கை விழுந்த எஃப்ஜியைத் தாண்டாது. ரீபவுண்டில் "டீம்" என்று தனி வரி இருந்தால் குழம்ப வேண்டாம். தனி ஒருவர் பெயரில் சேர்க்க முடியாத ரீபவுண்டுகள் அவை.

படி 5: அடிக்குறிப்புகள்

பெயின்ட்டில் (கூடைக்கு அருகில் வண்ணமிட்ட பகுதியில்) எடுத்த புள்ளி, எதிரணியின் டர்ன்ஓவரிலிருந்து வந்த புள்ளி, பெஞ்ச் புள்ளி (மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்தவை) என்று அடியில் சில எண்கள் இருக்கும். ஒரே கூடை இரண்டு மூன்று இடத்தில் எண்ணப்படலாம் என்பதால் இவற்றைக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

அதே 2024 ஆட்டத்துக்குத் திரும்புவோம். சவுத் கரோலைனா 87, அயோவா 75. ரீபவுண்ட் 51-29. பெஞ்ச் புள்ளிகள் 37-0. 87-இலிருந்து 37-ஐக் கழியுங்கள்: சவுத் கரோலைனாவின் முதல் ஐவர் (ஆட்டத்தைத் தொடங்கியவர்கள்) எடுத்தது 50. அயோவாவின் முதல் ஐவர் எடுத்தது 75.