இந்திய ஹாக்கியின் சிறந்த வீரர்கள் வரிசையில் ஹர்மன்பிரீத் சிங்கை எந்த இடத்தில் வைப்பது?

முதலில் மொத்த கோல் கணக்கை ஓரமாக வையுங்கள். தயான் சந்த் 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஆனால் 1932இல் போட்டியிட்டதே மூன்று அணிகள்தான். அமெரிக்காவை இந்தியா 24-1 என்று வென்றது. அந்த கோல்களை இன்றைய கோல்களோடு கூட்டிக் கழிக்க முடியாது.

அப்புறம், ஆடிய இடத்தைப் பாருங்கள். பல்பீர் சிங் சீனியர் முன்கள வீரர். 1952 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் ஐந்து கோல் அடித்தார். ஹர்மன்பிரீத் தடுப்பாளர். தடுப்பாட்டத்தையும் பார்த்துக்கொண்டு, பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் அருகே தவறு செய்தால் கிடைக்கும் வாய்ப்பு) டிராக் பிளிக் (பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டும் அடி) அடிக்க முன்னே வருகிறார். பாரீஸ் 2024இல் 10 கோலுடன் முதலிடம், அணிக்கு வெண்கலம். டோக்கியோவிலும் வெண்கலம். அவரை ஒப்பிட வேண்டியது, அவரைப் போலவே தடுப்பாளராக இருந்து டிராக் பிளிக் அடித்த பாகிஸ்தானின் சோஹைல் அப்பாஸோடு என்பேன்.

நெருக்கடி நேரத்துக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில், எழும்பூர் மைதானத்தில் மலேசியாவுக்கு எதிராக 1-3 எனப் பின்தங்கி, 4-3 என்று வென்றோமே, அந்த அணிக்கு அவர்தான் கேப்டன். கேலரியில் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

குறையையும் எழுதுங்கள்: அவர் தலைமையில் 2023 உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடம். ஒலிம்பிக் பதக்கம் மட்டுமே அளவுகோல் என்றால் தன்ராஜ் பிள்ளைக்கு இடமே கிடைக்காது. நான்கு ஒலிம்பிக் ஆடியும் அவருக்குப் பதக்கமில்லை. அதற்காக அவரை ஒதுக்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

என் நோட்டில் தயான் சந்த், பல்பீர், தன்ராஜ், நான்காவதாக ஹர்மன்பிரீத்.